மலைவாழை, கமலா ஆரஞ்சு, காபி... சேவுகம்பட்டி வீட்டில் மது இல்லாத மார்கழி 'நெக்ரோனி'!

மார்கழி பிறந்ததிலிருந்து இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ஒரே சிவப்பு. குட்டையான கண்ணாடி கிளாஸ், உள்ளே பெரிய ஐஸ் கட்டி ஒன்று, விளிம்பில் சுருட்டிய ஆரஞ்சுத் தோல். அதன் பெயர் நெக்ரோனி. இத்தாலியில் பிறந்த, ஜின் சேர்த்த, நன்றாகக் கசக்கும் காக்டெயில். இப்போது அதிலேயே பழம் சேர்த்து 'வின்டர் ஸ்பெஷல்' என்று விதவிதமாகக் கலக்குகிறார்கள். கிரான்பெரி, பேரிக்காய், அத்தி, மாதுளை...

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்கள் கிரான்பெரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. சேவுகம்பட்டிக்கு மேற்கே தெரியும் கீழ்ப்பழநி மலையிலேயே இந்தப் பானத்துக்கு வேண்டிய பழமும் விளைகிறது, கசப்பும் விளைகிறது. மது மட்டும் நம் செய்முறையில் இல்லை. அது இல்லாமலே அந்த ருசியை எப்படிக் கொண்டுவருவது, எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதுதான் விஷயம்.

கசப்புதான் ஹீரோ!

1919-ல் ஃப்ளாரன்ஸ் நகரத்தில், கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, தான் வழக்கமாகக் குடிக்கும் 'அமெரிக்கானோ' பானத்தில் சோடாவுக்குப் பதிலாக ஜின் ஊற்றித் தரச் சொன்னார். கசோனி கஃபேயில் இருந்த ஊழியர் அப்படியே செய்து கொடுத்தார். பரவலாகச் சொல்லப்படும் கதை இது. கணக்கு ரொம்ப எளிது. ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு, தலா 30 மில்லி. ஐஸ் போட்டுக் கலக்கி, ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் முடிந்தது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த ஆட்கள்தான் உள்ளே இருக்கிறார்கள். ஜின்னுக்கு வாசனை தருவது ஜூனிபர் என்றால், அதற்கு அடுத்து முக்கியமானது கொத்தமல்லி விதை. ஆமாம், ரசப்பொடிக்கு வறுக்கிறோமே, அதே மல்லிதான்! காம்பாரி என்பது 1860-ல் கஸ்பாரே காம்பாரி என்பவர் உருவாக்கிய கசப்பு பானம். மூலிகைகளும் பழங்களும் ஊறியது என்பதைத் தாண்டி அதன் செய்முறை இன்றுவரை ரகசியம். வெர்மூத் என்பது மூலிகைகள் ஊறிய திராட்சை ஒயின். 'வெர்முட்' என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆர்ட்டிமீசியா இனத்தைச் சேர்ந்த ஒரு கசப்புச் செடியைக் குறிக்கும். நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக விற்கிறதே மரிக்கொழுந்து, அதுவும் இந்த ஆர்ட்டிமீசியா இனம்தான்.

ஆக, நெக்ரோனி என்பது வாசனை, கசப்பு, இனிப்பு மூன்றும் கைகோத்து நிற்பது. மது இவற்றைத் தூக்கிச் சுமக்கிறது, தொண்டையில் ஓர் எரிப்பைத் தருகிறது. அந்த எரிப்புக்கு நம்மிடம் மிளகும் சுக்கும் இருக்கின்றன.

'கசக்கிற ஜூஸை யார் குடிப்பார்கள்?' என்று கேட்கலாம். வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வற்றல், நார்த்தங்காய் ஊறுகாய் என்று இலையில் கசப்பை ரசிப்பவர்கள் நாம். டம்ளரில் மட்டும் என்ன, காலையும் மாலையும் ஃபில்டர் காபி குடிக்கிறோமே! டிகாக்‌ஷனைவிடக் கசப்பு வேறென்ன வேண்டும்?

ஒரே மலைச்சரிவு

சேவுகம்பட்டிக்குப் பக்கத்து ஊரான பட்டிவீரன்பட்டி, காபிக்கொட்டை பதப்படுத்தும் ஊர். தாண்டிக்குடி, தடியன்குடிசை பக்கத்துத் தோட்டங்களில் விளையும் காபி இங்கேதான் இறங்கும். அந்தத் தோட்டங்களில் காபி மட்டும் இருக்காது. நிழல் மரங்களுக்கு நடுவே மலைவாழை, மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, இடையில் கமலா ஆரஞ்சு என எல்லாம் கலந்தே நிற்கும். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருப்பது இந்தப் பயிர்களுக்காகத்தான். ஒரே சரிவில் ஒன்றாக வளர்ந்த மூன்றையும் ஒரே டம்ளரில் சேர்ப்பதில் ஆச்சர்யம் ஒன்றும் இல்லை.

மலைவாழையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். விருப்பாச்சி, சிறுமலை இரண்டு ரகங்களுக்குமே புவிசார் குறியீடு உண்டு. நீர்ச்சத்து குறைவு, லேசான புளிப்பு, தூக்கலான வாசனை. பழநி பஞ்சாமிர்தத்துக்கு ஏற்ற பழம் இதுதான் என்று காலங்காலமாகச் சொல்வதற்குக் காரணமும் அதுவே. ஆனால், அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் இந்த வாழையை ஒரு கட்டத்தில் அழிவின் விளிம்புக்கே கொண்டுபோனது. நோய் வந்த மரம் குலை தள்ளாது. மருந்தடித்துக் குணப்படுத்தவும் முடியாது, வெட்டி அழிக்க வேண்டியதுதான். பரப்பு வெகுவாகச் சுருங்கிய பிறகு, திசு வளர்ப்பில் உருவாக்கிய வைரஸ் இல்லாத கன்றுகளை நட்டு மீட்டுவருகிறார்கள். அதனால் மார்க்கெட்டில் மலைவாழை மற்ற ரகங்களைவிட விலை கூடுதலாக இருந்தால், பேரம் பேசும் முன்பு இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சேவுகம்பட்டிக்கும் வாழைப்பழத்துக்கும் இன்னோர் உறவு இருக்கிறது. பொங்கலை ஒட்டி தை மாதத்தில், இங்குள்ள சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடக்கும். கூடை கூடையாகப் பழங்களைக் கொண்டுவந்து கூட்டத்தின் மீது வீசுவார்கள். கையில் விழுந்தது பிரசாதம். அந்த வாரம் ஊருக்குள் எந்த வீட்டில் நுழைந்தாலும் பழுத்த வாழைப்பழ வாசனைதான்.

சித்தப்பாவும் 'கலரும்'

பொங்கல் விடுமுறையில் வெளியூர்களிலிருந்து எல்லோரும் வந்து சேர்ந்ததும், சாயங்காலம் மொட்டை மாடியில் ஒரு கூட்டம் உட்காரும். இதை மறைப்பதற்கில்லை. குடிப்பவர்களுக்கு அங்கே தனி உபசரிப்பு. தொட்டுக்கொள்ள வறுவல், சுண்டல். குடிக்காதவருக்கு? குழந்தைகளுக்கு வாங்கிய கலர் பாட்டிலில் மீதி இருப்பது.

எனக்கு அந்த ஊரில் ஒரு சித்தப்பா. குடியை விட்டபிறகு அவருக்கு இது மூன்றாவது பொங்கல். "பிள்ளைக குடிக்கிற கலரை எம் முன்னாடி வைக்கிறாய்ங்க. இல்லையா, 'ஒரு வாய்தானப்பா, ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்றாய்ங்க. ரெண்டும் எனக்கு ஒண்ணுதேன்" என்றார். சித்தியின் பேச்சு இன்னும் நறுக்கென்று இருந்தது. "அவரு எந்திரிச்சு கீழ வந்துட்டா, 'என்ன, மதினி கூப்பிட்டாகளா'ன்னு கேலி. மேலேயே இருந்தா எனக்கு வயித்துல நெருப்பு."

பெரியவர்களுக்கான ருசியோடு, மெதுவாகச் சப்பிக் குடிக்கிற மாதிரி, மது இல்லாத ஒன்று அந்த மாடியில் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதற்காகத்தான். சாக்லேட் சிரப் ஊற்றிய மாக்டெயில்கள் இதற்கு உதவாது. இனிப்பு பானத்தை மடமடவென்று குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கசப்பு அப்படி விடாது. ஒரு டம்ளர் அரை மணி நேரம் ஓடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. குடியை விட்டவர்களில் பலருக்கு மதுவை நினைவூட்டும் கிளாஸ், நிறம், வாசனைகூடப் பழைய ஏக்கத்தைக் கிளப்பிவிடலாம். அதனால் கேட்காமல் நீட்டாதீர்கள். நானும், "சித்தப்பா, இது ஒரு காக்டெயிலைப் பார்த்துச் செஞ்சது. உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தவர், "கண்ணாடி கிளாஸ் வேணாம்மா. எவர்சில்வர் டம்ளர்ல குடு" என்றார். டம்ளரிலேயே கொடுத்தேன். நெக்ரோனி என்ற பெயரும் மாடிக்குப் போகவில்லை. அங்கே அது 'கசப்புக் கலர்'.

செய்யலாம் வாங்க!

இது நான்கு பேருக்கான அளவு. முந்தின நாள் இரவே வாழைப்பாகைத் தொடங்கிவிட வேண்டும். நன்றாகப் பழுத்த மலைவாழைப்பழத்தை உரித்து, வட்டமாக நறுக்கி, பழத்தின் எடையில் பாதி அளவு சர்க்கரை சேர்த்துப் புரட்டி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். 250 கிராம் பழத்துக்கு 125 கிராம் சர்க்கரை போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். சர்க்கரையே பழத்திலிருக்கும் நீரை இழுத்துக்கொண்டு பாகாகிவிடும். பஞ்சாமிர்தத்திலும் தண்ணீர் சேர்ப்பதில்லையே, அதே சூத்திரம்தான். காலையில் வடிகட்டும்போது பழத்தை அழுத்திப் பிழியாதீர்கள், பாகு கலங்கிவிடும்.

அடுத்து கசப்பு. இரண்டு கமலா ஆரஞ்சுப் பழங்களை இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோலை எடுங்கள். கமலாவின் தோல் மெலிசு, வாசனை இருக்கும் அளவுக்குக் கசப்பு இருக்காது. அதனால் வெள்ளைப் பகுதியோடு ஒரு துண்டு நார்த்தங்காய்த் தோலும் சேர்த்து, 200 மில்லி தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடிவைத்து, கால் மணி நேரம் கழித்து வடிகட்டுங்கள். அதில் இரண்டு டேபிள்ஸ்பூன் கெட்டி டிகாக்‌ஷன் கலந்தால் கசப்பு தயார். சிக்கரி கலக்காத காபி என்றால் ஆரஞ்சு வாசனை அமுங்காது.

ஜின்னின் இடத்துக்கு மல்லி நீர். ஒரு டேபிள்ஸ்பூன் மல்லி, இரண்டு ஏலக்காய், ஆறேழு மிளகு, சின்னத் துண்டு சுக்கு இவற்றை ஒன்றிரண்டாகத் தட்டி, கொதிக்கும் நீர் 200 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். மல்லியை வறுக்கக் கூடாது. வறுத்தால் ரசம் வாசனை வந்துவிடும்!

ஒரு டம்ளருக்குக் கசப்பு 40 மில்லி, மல்லி நீர் 40 மில்லி, கமலா ஆரஞ்சுச் சாறு 20 மில்லி, வாழைப்பாகு 20 மில்லி. இத்தாலிக்காரர்களின் சம அளவு இங்கே சரிவராது; பாகைச் சமமாக ஊற்றினால் பாயசமாகிவிடும். ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். கசப்பின் முரட்டுத்தனத்தை உப்பு அடக்கும். பெரிய ஐஸ் கட்டியோடு ஸ்பூனால் மெதுவாகக் கலக்கினால் போதும், குலுக்க வேண்டாம். பெரிய கட்டியாக இருந்தால் சீக்கிரம் கரைந்து நீர்த்துப்போகாது. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் கிடைத்துவிடும். கடைசியாக ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலை டம்ளருக்கு மேலே பிடித்து முறுக்குங்கள். தோலின் எண்ணெய் மேலே தெறிக்கும்; முதல் வாயில் மூக்குக்குப் போகும் வாசனை அதுதான்.

வெர்மூத் ஞாபகத்துக்காக மரிக்கொழுந்து வேண்டும் என்றால் தட்டில் பக்கத்தில் வையுங்கள். உள்ளே போட வேண்டாம். பூ மார்க்கெட்டுக்கு வருவது சாப்பிடுவதற்காக வளர்த்ததல்ல, மருந்து அடித்திருப்பார்கள்.

'பனியில போயி ஐஸா?' என்று அப்பத்தாக்கள் அதட்டுவார்கள். அவர்களுக்கு ஐஸ் இல்லாமல், கசப்பையும் மல்லி நீரையும் சுடவைத்து, பாகும் சாறும் கடைசியில் சேர்த்துக் கொடுங்கள். சுக்குக் காபிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். உண்மையைச் சொன்னால், எனக்கு ஐஸ் போட்டதைவிட இதுதான் பிடித்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தப் பாகு ஆகாது; அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கலந்து, சாற்றின் அளவையும் குறைத்துக் கொடுக்கலாம். காபி இருப்பதால் குழந்தைகளுக்கும், ராத்திரி தூக்கம் வராமல் புரள்பவர்களுக்கும் வேண்டாம்.

சித்தப்பா இரண்டு டம்ளர் குடித்தார். "அடுத்த தடவை இனிப்பைக் கொஞ்சம் கொறைம்மா" என்றார். அதனால் பாகை 15 மில்லியாகக் குறைத்தும் செய்து பார்க்கலாம், கசப்பு இன்னும் எடுப்பாக இருக்கும்.

வாழைப்பாகு ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள் தாங்கும். வடிகட்டிய பழத்துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மசித்து, கொஞ்சம் கோதுமை மாவும் ஏலக்காயும் சேர்த்துக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றினால், மாடியில் இருப்பவர்களுக்கு முன்னால் கீழே இருக்கும் பிள்ளைகள் காலி செய்துவிடுவார்கள்.