எந்தப் பெட்டி நன்றாகப் பாடுகிறது?

பழசானால் மதிப்புக் குறையும் என்பது பொது விதி. 1970-களில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போய் இறங்கிய ஸ்டீரியோ ரிசீவர்கள் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. ஒரு காலத்தில் பரணில் தூசி படிந்து கிடந்த அந்தப் பெட்டிகளை இன்று அமெரிக்க ரசிகர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். பளபளக்கும் அலுமினிய முகப்பு, இருட்டில் நீலமாய் ஒளிரும் அலைவரிசைப் பலகை, விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு சுழலும் கனத்த குமிழ்! பார்த்தவர்களுக்கு ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

பார்ப்பதற்கு அழகுதான், கேட்பதற்கு எப்படி? ஒரு வீட்டில் தகப்பனார் விட்டுச் சென்ற மாரன்ட்ஸ் ரிசீவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் ஆசைப்பட்டு ஒரு பயனியரை வாங்கி வருகிறான். இரண்டையும் வைத்துக்கொள்ள இடமில்லை. ஒன்றை விற்றாக வேண்டும். எதை விற்பது? இரண்டையும் பாடவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடாதா என்று தோன்றும். தெரியாது என்பதுதான் வேடிக்கை. இந்த வழக்கில் காது சொல்லும் சாட்சியத்தை அப்படியே நம்ப முடியாது.

வாட் சண்டை

வானொலியை வாங்கித் தரும் டியூனர், ஒலியைப் பதப்படுத்தும் முன்பகுதி, ஸ்பீக்கரை அசைக்கும் ஆம்ப்ளிபயர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கியதே ரிசீவர். அமெரிக்காவில் எப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பு 1961-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி தொடங்கியது. அதன் பிறகு ரிசீவருக்குக் கிராக்கி ஏறியது. வியட்நாம் போருக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் ராணுவக் கடைகளில் ஜப்பானியப் பெட்டிகளை மலிவாக வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். பயனியர், சான்சுயி, கென்வுட், யமஹா என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு பரவின.

அக்காலத்து விளம்பரங்களில் வாட் கணக்கு இஷ்டம் போல் எழுதப்பட்டது. கண நேரம் மட்டுமே கிடைக்கும் உச்ச சக்தியைப் போட்டு, சின்னப் பெட்டியையும் பெரிய பெட்டி என்று விற்றார்கள். 1974-ம் ஆண்டு அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் இதற்குக் கடிவாளம் போட்டது. இரண்டு பக்கமும் ஒருங்கே ஓடும்போது தொடர்ந்து கிடைக்கும் சக்தியைத்தான் சொல்ல வேண்டும். அளப்பதற்கு முன் சொன்ன சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்தச் சூட்டைத் தாங்குவதற்குப் பெரிய டிரான்ஸ்பார்மரும் அலுமினியச் சிறகுகளும் தேவைப்பட்டன. பெட்டிகள் கனத்தன. பயனியர் கம்பெனி 1976-ல் ஒரு பக்கத்துக்கு 160 வாட் தரும் எஸ்.எக்ஸ்.-1250 என்ற ரிசீவரைக் கொண்டுவந்தது. 1978-ல் 270 வாட் தரும் எஸ்.எக்ஸ்.-1980 வந்தது. இதன் எடை சுமார் 35 கிலோ. ஒரு ஆள் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்!

ஆனால் 30 வாட் பெட்டியை விட்டு 60 வாட் பெட்டிக்குப் போனால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். சாதாரண வீட்டுக் கூடத்தில் நிதானமாகப் பாட்டுக் கேட்பவருக்குப் பெரும்பாலான நேரம் ஓரிரண்டு வாட்டே செலவாகிறது.

சத்தம் கூடினால் சுவை கூடும்

வீட்டுச் சோதனை வழக்கமாக எப்படி நடக்கிறது? ஒரு பெட்டியில் ஒரு பாட்டைப் போடுகிறார்கள். பிறகு கம்பிகளைக் கழற்றி மற்றப் பெட்டியில் மாட்டி, குமிழைக் குத்துமதிப்பாகத் திருப்பி, அதே பாட்டைப் போடுகிறார்கள். “ஆகா, இதில் பாஸ் எவ்வளவு கனமாக இருக்கிறது!” என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். கம்பி மாட்டும் நேரத்துக்குள் முதல் பெட்டியின் நயம் நினைவிலிருந்து கரைந்து போயிருக்கும். அதைவிடப் பெரிய பிசகு குமிழில் இருக்கிறது.

ஒலி குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் சரியாகக் கேட்பதில்லை. 1933-ல் அமெரிக்க பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்ற இருவரும் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே ஒரு பெட்டி ஒரு டெசிபல் அளவே உரக்கப் பாடினாலும், “உரக்கப் பாடுகிறது” என்று காது சொல்லாது. “நன்றாகப் பாடுகிறது” என்று சொல்லும். ஒரு டெசிபல் என்பது மின்னழுத்தத்தில் 12 சத வித்தியாசம். ஸ்பீக்கர் முனையில் ஒரு பெட்டி 2 வோல்ட்டும் மற்றது 2.25 வோல்ட்டும் கொடுத்தால் போதும், போட்டி முடிந்துபோகும்.

பரிகாரம் கடினமல்ல. ஒரே ஸ்வரத்தில் நிற்கும் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு பெட்டிகளையும் நூற்றில் ஒரு பங்குக்குள் சமன்படுத்த வேண்டும். மலிவான மீட்டர் சற்றுத் தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை. இரண்டுக்கும் ஒரே தவறுதான். ஸ்பீக்கர் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இரண்டு கம்பிகளையும் துண்டித்து மாற்றும் சுவிட்ச் வேண்டும். ஒரு கணமேனும் இரண்டு ஆம்ப்ளிபயர்கள் ஒன்றோடொன்று இணைந்தால் புகை வரும்!

அடுத்தது, எது பாடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. இந்த வகைச் சோதனையை அமெரிக்க ரசிகர்களிடையே பரப்பிய பெருமை டெட்ராய்ட் பக்கத்து ஒலிப் பிரியர் சங்கம் ஒன்றுக்கு உண்டு. ‘தென்கிழக்கு மிச்சிகன் ஊபர்-ட்வீட்டர் ஊர்வலச் சங்கம்’ என்று தங்களுக்குக் குறும்பாகப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால் நம்பலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைவது நூற்றில் நான்கு தடவைக்கும் குறைவு. 10 முறை சரியாகச் சொல்வது பெரிய காரியமல்ல. நாணயத்தைச் சுண்டியே நூற்றில் இருபதுக்கு மேற்பட்ட தடவை அதைச் சாதித்துவிடலாம்.

1987 ஜனவரியில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ என்ற அமெரிக்கப் பத்திரிகை இப்படிப்பட்ட சோதனை ஒன்றை வெளியிட்டது. சுமார் 220 டாலர் விலையுள்ள பயனியர் ரிசீவர் முதல் 12,000 டாலர் விலையுள்ள வால்வு ஆம்ப்ளிபயர் வரை வரிசையாக வைத்தார்கள். ஒலி அளவைச் சமன்படுத்தி, பெயரை மறைத்தபோது, கேட்டவர்களின் பதில் நாணயம் சுண்டியதற்கு மேல் தேறவில்லை. ரசிகர் உலகில் பெரிய கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சல் இன்னும் அடங்கியபாடில்லை.

பழைய உடம்பு, பழைய நோய்

அப்படியானால் எல்லாப் பழைய பெட்டிகளும் ஒன்றுதானா? அதுவும் சரியல்ல. அந்தச் சோதனை ஆரோக்கியமான ஆம்ப்ளிபயர்களுக்கு நடந்தது. ஐம்பது வயதுப் பெட்டிக்கு வேறு தொல்லைகள் உண்டு. மின்பகு கெபாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் காய்ந்து இரைச்சலும் உறுமலும் தோன்றும். குமிழ்களிலும் சுவிட்சுகளிலும் படலம் பிடித்து ஒரு பக்கம் மங்கிவிடும். ‘மாரன்ட்ஸ் என்றால் இதமான குரல்’ என்று புகழப்படுவதில் எத்தனை பங்கு கம்பெனியின் கைவண்ணம், எத்தனை பங்கு முதுமை என்று பழுது பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

நிஜமான வித்தியாசம் கிடைக்கும் இடங்களும் உண்டு. கிராமபோன் தட்டுக்கான பகுதி அவற்றில் முதன்மையானது. தட்டில் பதியும்போது பாஸைக் குறைத்து உயர் சுருதிகளைத் தூக்குகிறார்கள். பெட்டி அதைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கணக்கில் பெட்டிக்குப் பெட்டி சிறிது பிசகு இருக்கும். அது காதுக்கு எட்டும். மெல்லிய ஒலியில் பாஸைக் கூட்டும் ‘லௌட்னஸ்’ பித்தானும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். யமஹா அதற்குத் தனிக் குமிழே வைத்தது. இந்தப் பித்தான் ஒரு பெட்டியில் அழுந்தியிருந்து மற்றதில் அழுந்தாமல் இருந்தால் சோதனை வீண். தொலைதூர வானொலி நிலையத்தைப் பிடிப்பதிலும் நல்ல டியூனர் தனித்துத் தெரியும். நான்கு ஓம் ஸ்பீக்கரை முழு வேகத்தில் ஓட்டும்போது சின்னப் பெட்டி திணறும், பெரியது திணறாது.

ஆக, அந்த மகன் முதலில் செய்ய வேண்டியது இரண்டு பெட்டிகளையும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுவதுதான். நீண்ட நாள் ஓடாத பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகக்கூடாது. சீரிஸ் பல்பு வழியாக முதலில் கொடுத்துப் பார்ப்பார்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே கோளாறு என்று அர்த்தம். அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவருபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே விற்ற பெட்டிகள் 120 வோல்ட்டுக்கு அமைந்தவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் மாட்டினால் அன்றோடு சரி. சிப்பாய்களுக்கென்று ராணுவக் கடையில் விற்ற பெட்டிகள் பலவற்றில் மட்டும் வோல்ட் மாற்றும் திருகு பின்புறத்தில் இருக்கும்.