ஒரு கடிதம், ஒரு வாரம்: சிங்கப்பூரில் தூக்குத் தண்டனையை எதிர்க்கும் தன்னார்வலர்கள் என்ன செய்கிறார்கள்?

2021 அக்டோபர் கடைசி. மலேசியாவின் ஈப்போவில் வசிக்கும் பாஞ்சாலை என்ற தாய்க்கு சிங்கப்பூர் சிறைத்துறையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்க ஆங்கிலம். உங்கள் மகன் நாகேந்திரனுக்கு நவம்பர் 10 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்படும், பார்க்க வருவதென்றால் இந்த இந்த கோவிட் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அந்தக் கடிதத்தின் படம் சோஷியல் மீடியாவில் பரவியது. சில நாட்களிலேயே ஆன்லைன் மனுவில் கையெழுத்துகள் கிடுகிடுவென ஏறின. ஐ.நா. நிபுணர்கள், ஐரோப்பிய ஒன்றியம், மலேசியப் பிரதமர் என்று ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். இதற்கெல்லாம் பின்னால் பெரிய கட்சியோ பணபலமோ இல்லை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் லேப்டாப் முன் உட்கார்ந்த சில பத்துப் பேர்தான்.

யார் இவர்கள்?

2020-ல் தொடங்கப்பட்ட 'டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் ஜஸ்டிஸ் கலெக்டிவ்' என்ற குழுதான் இன்று இதில் முன்னால் நிற்கிறது. சுருக்கமாக டி.ஜே.சி. பத்திரிகையாளர் கிர்ஸ்டன் ஹான், சிங்கப்பூர்த் தமிழரான கோகிலா அண்ணாமலை போன்றவர்கள் இதன் முகங்கள். ஆனால் இந்தக் கதை அதற்கும் முன்பே தொடங்கியது.

யோங் வுய் கோங் என்ற மலேசிய இளைஞர், 19 வயதில் 47.27 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டார். 2009 டிசம்பரில் தூக்கு என்று நாள் குறித்தாகிவிட்டது. வழக்கறிஞர் எம்.ரவி நீதிமன்றத்தில் தடை வாங்கினார். வெளியே ஆர்வலர்கள் கையெழுத்து வாங்கினார்கள். 2010-ல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகள் அதிபர் மாளிகைக்குப் போயின. 2012-ல் சிங்கப்பூர் சட்டத்தையே கொஞ்சம் தளர்த்தியது. 2013 நவம்பரில் யோங்கின் தண்டனை ஆயுள் சிறையாகவும் 15 பிரம்படியாகவும் மாறியது. கையெழுத்துகளால்தான் இது நடந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவை இல்லாமல் நடந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

15 கிராமுக்கு மேல் ஹெராயின், 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2012 வரை நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. இப்போதும் குறுகலான வழிதான்: நீங்கள் வெறும் 'கூரியர்' என்று நிரூபிக்க வேண்டும். அதோடு, போதைப்பொருள் கும்பலைப் பிடிக்க உதவினீர்கள் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் தர வேண்டும். அல்லது உங்கள் செயலுக்கு நீங்கள் முழுப் பொறுப்பு ஏற்க முடியாத அளவுக்கு மனநலப் பாதிப்பு இருக்க வேண்டும். கீழ்மட்டத்தில் பொட்டலம் சுமக்கிறவனுக்கு மேலே இருப்பவர்கள் யாரென்றே தெரியாது. அப்புறம் எதைச் சொல்லிச் சான்றிதழ் வாங்குவது?

நாகேந்திரன் 2009-ல் பிடிபட்டபோது தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம். அவருடைய ஐ.க்யூ. 69 என்று வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தார் என்றது நீதிமன்றம்.

கடிதம் வந்த பிறகு?

பொதுவாகக் குடும்பத்துக்கு ஒரு வாரம் முன்புதான் தகவல் வரும். அந்த ஒரு வாரத்தில் தன்னார்வலர்கள் செய்யும் வேலையில் பாதி 'போராட்டம்' மாதிரியே இருக்காது. மலேசியாவிலிருந்து வரும் அம்மா, அக்கா, தம்பிக்குத் தங்க இடம் பார்க்க வேண்டும். அதிபருக்குக் கருணை மனு எழுத உதவ வேண்டும். கடைசி நேர வழக்குகளில் செலவுத் தொகை தலையில் விழும் என்று வழக்கறிஞர்கள் தயங்குவதால், கைதியோ குடும்பமோ தாங்களே நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வரும். அவர்களுக்குக் காகிதங்களைத் தயார் செய்து கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசி நாட்களில் சிறை நிர்வாகம் கைதியைப் புகைப்படம் எடுத்துக் குடும்பத்துக்குத் தரும். அதற்குப் போட்டுக்கொள்ளக் குடும்பம் உடை வாங்கிக் கொடுக்கலாம். சாகப்போகிற மகனுக்குச் சட்டை அளவு யோசித்துக் கடையில் நிற்கும் தாயின் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும் அல்லவா?

தெருவில் இறங்குவது அடுத்த சிக்கல். சிங்கப்பூரில் போலீஸ் அனுமதி இல்லாமல் ஒரே ஒரு ஆள் அட்டை பிடித்து நின்றாலும் சட்டப்படி அது 'கூட்டம்'தான். விதிவிலக்கு, ஹோங் லிம் பூங்காவின் ஸ்பீக்கர்ஸ் கார்னர் மட்டும். அங்கேயும் வெளிநாட்டவர் கலந்துகொள்ளக் கூடாது, அதாவது தூக்குக்குக் காத்திருக்கும் மலேசியரின் சொந்த அக்கா வர முடியாது. 2017 ஜூலையில் மலேசியத் தமிழர் பிரபாகரன் தூக்கிலிடப்படுவதற்கு முந்தைய இரவு, சாங்கி சிறைக்கு வெளியே சிலர் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். போலீஸ் வந்து மெழுகுவர்த்தியையும் அவருடைய படங்களையும் எடுத்துக்கொண்டு போனது. பிறகு அவர்கள் மீது விசாரணை.

இந்தப் பின்னணியில்தான் 2022 ஏப்ரல் 3 அன்று ஹோங் லிம் பூங்காவில் சுமார் 400 பேர் கூடினார்கள். நம்ம ஊர்க் கணக்கில் இது ஒரு தெருமுனைக் கூட்டம். சிங்கப்பூருக்கு அது பெரிய விஷயம்.

நாகேந்திரன் என்ன ஆனார்?

முதலில் குறித்த நாளுக்கு முன் அவருக்குக் கோவிட் உறுதியானதால் தூக்கு தள்ளிப்போனது. 2022 ஏப்ரல் 26-ல் தாய் போட்ட கடைசி மனுவும் தள்ளுபடி. நீதிமன்றத்திலேயே கண்ணாடித் தடுப்பின் இடைவெளியில் கைகளைக் கோத்துக்கொண்டு குடும்பம் அழுதது. "மா" என்ற அவருடைய குரல் அறை முழுக்கக் கேட்டதாக அங்கிருந்த செய்தியாளர்கள் எழுதினார்கள். மறுநாள் விடியற்காலை தூக்கு. அந்த ஆண்டில் மட்டும் சிங்கப்பூர் 11 பேரைத் தூக்கிலிட்டது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூர்த் தமிழர் தங்கராஜு சுப்பையா. 1,017.9 கிராம் கஞ்சா கடத்தலுக்கு உடந்தை என்பது வழக்கு. அவர் அந்தப் பொட்டலத்தைத் தொடவே இல்லை, இரண்டு செல்போன் எண்கள்தான் முக்கிய ஆதாரம். வாக்குமூலம் கொடுக்கும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டேன், தரவில்லை என்றார். நீதிமன்றம் அதை நம்பவில்லை.

அரசின் பதில் என்ன?

நீண்ட காலமாக உள்துறை அமைச்சராக இருக்கும் கே.சண்முகம் சொல்வது எளிமையான வாதம்: இந்தத் தண்டனை பயம் காட்டுகிறது, அதனால் இன்னும் பல உயிர்கள் பிழைக்கின்றன. அரசு நடத்திய கருத்துக்கணிப்புகளிலும் பெரும்பான்மை மக்கள் ஆதரவாகவே இருக்கிறார்கள். போதையில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இந்த வாதத்தைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. தன்னார்வலர்களுக்கு இதுதான் உண்மையான சவால். அரசைவிடப் பக்கத்து வீட்டுக்காரரைப் பேசிப் புரியவைப்பதுதான் கஷ்டம். 'பொய்த் தகவல்' தடுப்புச் சட்டமான பொஃப்மா மூலம் டி.ஜே.சி.-க்குப் பல முறை திருத்த உத்தரவுகள் வந்தன. 2024-ல் அப்படி ஓர் உத்தரவை ஏற்கவே முடியாது என்று கோகிலா அண்ணாமலை மறுத்துவிட்டார்.

ஏதாவது மாறியிருக்கிறதா?

கொஞ்சம். 2025 ஆகஸ்டில் அதிபர் தர்மன் சண்முகரத்னம், அமைச்சரவையின் ஆலோசனைப்படி 33 வயது கைதி ஒருவரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்தார். 1998-க்குப் பிறகு இப்படிக் கருணை காட்டப்பட்டது அதுவே முதல் முறை. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று மலேசியத் தமிழர் பன்னீர்செல்வம் தூக்கிலிடப்பட்டார். சிறையிலிருந்து கவிதைகளும் பாடல்களும் எழுதியவர். 2019-லும் 2025 பிப்ரவரியிலும் தூக்குக்கு முந்தைய நாள் தடை கிடைத்துத் தப்பியவர். அவருடைய சகோதரி, அண்ணனுக்காக ஓடிக்கொண்டே போதைப்பொருளுக்கு எதிரான அமைப்பு ஒன்றையும் தொடங்கி நடத்தினார்.

மலேசியா 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனையை நீக்கிவிட்டது. நாகேந்திரன் பிடிபட்டது உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில். அங்கிருந்து ஜோகூர் பாலத்தைக் கடக்க ஒரு கிலோமீட்டர்தான். இன்று அந்தக் கரையில் அதே 42.72 கிராமுடன் ஒருவர் பிடிபட்டால், தூக்கா சிறையா என்று முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறது.