பேர் வெட்டிய பிறகும் முப்பது வருடம்

தோட்டத் தொழிலாளிக்கு மாதாமாதம் வரும் ஓய்வூதியம் கிடையாது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவருக்குக் கடைசியில் கிடைப்பது ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்), ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எப்), சேவைக்காலப் பணம் ஆகிய மூன்றும்தான். வேலையை விட்டுப் பதிவேட்டில் பேர் வெட்டும்போது மொத்தமாக வரும். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. இலங்கையில் 60 வயதைத் தொட்ட பெண் சராசரியாக இன்னும் 20 வருடத்துக்கு மேல் வாழ்கிறார். லயங்களில் 85 வயதைத் தாண்டிய பாட்டிமாரும் உண்டு. 50 வயதில் வேலையை விட்டவருக்கு அப்படியொரு ஆயுள் அமைந்தால், அந்த ஒரு தடவைக் காசு 35 வருடம் தாங்க வேண்டும்.

வேலையை விட்டால் பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் ஈ.பி.எப் காசை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. மகளின் கல்யாணமும் நுண்கடன் தவணையும் அடகில் மூழ்கப்போகும் நகையும் நெருக்கும்போது, பல பெண்கள் 50 வந்ததுமே பேரை வெட்டிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் அதே மலையில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்கள். என் மனதை மிகவும் வருத்தும் இழப்பு இதுதான். வேலை மாறவில்லை, ஆனால் தோட்டம் கட்ட வேண்டிய 12 சதவீத ஈ.பி.எப்பும் 3 சதவீத ஈ.டி.எப்பும் நின்றுபோகின்றன, சேவைக்காலமும் அறுந்துபோகிறது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, குறைந்தது ஐந்து வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேரும். கணக்கு கடைசியாக வாங்கிய சம்பளத்தில்தான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாயை வைத்துப் பார்த்தால், இன்னும் பத்து வருடம் பேரோடு நின்றவருக்கு 189,000 ரூபாய் கூடும். சம்பளம் ஏறினால் பழைய வருடங்களுக்கும் புதிய சம்பளத்திலேயே கணக்குப் போடுவார்கள். அப்படிப் பேரோடு நிற்கச் சட்டமும் துணை நிற்கிறது: 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 60 வயதுக்கு முன் ஒருவரை வயதைக் காட்டி அனுப்ப முடியாது என்று 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

கூடையோடு செங்குத்து மலை ஏற எல்லா உடம்புக்கும் 60 வரை முடியாது. முடியாதவர் வேலையை விடத்தான் வேண்டும். வேலையை விட்டாலும் ஈ.பி.எப் காசை உடனே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. விட்டுவைத்தால் வட்டி ஏறும். 2023க்கு 13 சதவீதமும் 2024க்கு 11 சதவீதமும் கொடுத்தார்கள்.

காசை எடுக்கப் போகும்போது பலரை மறிப்பது பெயர். செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது எழுத்து. கல்யாணமாகிப் புருஷனின் தோட்டத்துக்கு வந்த பெண்ணுக்குப் பிறந்த தோட்டத்தின் ஈ.பி.எப் இலக்கம் நினைவிருக்காது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போவதற்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்கள் தங்கள் பெயரில் இரண்டு இலக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் 45 வயதிலேயே தொடங்குவது நல்லது. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர் பிரதேச செயலகத்தில் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பின்னுரித்தாளியாக யார் பெயர் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளத் துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். மாதம் 25 நாள் பேர் விழுந்தால், 2024இன் 1,350 ரூபாய்ப்படி சம்பளம் 33,750 ரூபாய். அதில் உங்களிடம் பிடிப்பது 2,700, தோட்டம் போட வேண்டியது 4,050. மத்திய வங்கி அனுப்பும் ஈ.பி.எப் கணக்குக் கூற்றில் இந்த 6,750 ரூபாய் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அரசின் கையிலுள்ள ஜனவசம தோட்டங்களிலேயே ஈ.பி.எப்பும் சேவைக்காலப் பணமும் நிலுவையில் கிடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிந்திக் கட்டும் ஈ.பி.எப்புக்கு 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. சேவைக்காலப் பணத்தை வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் 10 முதல் 30 சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். தொழில் அலுவலகத்தில் தமிழிலேயே முறைப்பாடு எழுதிக் கொடுக்கலாம். தோட்டம் அசையாவிட்டால் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிட முடியும்.

கைக்கு வந்த காசை முழுவதுமாக வீட்டிலும் கல்யாணத்திலும் போட்டுவிடாமல், ஒரு பங்கையாவது சொந்தப் பெயரில் நிலையான வைப்பில் வையுங்கள். பிள்ளையின் பெயரில் வேண்டாம். 60 வயதுக்குக் குறைந்தவர்கள் இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்களைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். அதில் வரும் ஓய்வூதியம் சாகும்வரை வரும். எவ்வளவு காலம் வாழ்வோம் என்று தெரியாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

காசு ஏற்கெனவே கரைந்துபோனவர்களுக்கும் வழி உண்டு. குறைந்த வருமானக் குடும்பத்து முதியவர்களுக்கு 70 வயதிலிருந்து அஸ்வெசும நலன்புரித் திட்டம் வழியாக உதவி வருகிறது. 2025 வரவு செலவுத் திட்டம் அதை 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியது. பேர் வெட்டியதற்கும் 70க்கும் நடுவில் விழுகிற வருடங்களுக்கு இப்படியொரு முதியோர் உதவி இல்லை. தொழிற்சங்கங்கள் நாட்சம்பளப் பேச்சோடு இந்த இடைவெளியையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபையிடம் 60 வயதைக் கடந்தவர் மனுக் கொடுக்கலாம். மாதம் இவ்வளவு கொடு என்று பிள்ளைக்கு உத்தரவிட அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு.