விரலுக்கேற்ற வீக்கம், மேசைக்கேற்ற திரை

தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும், ஒரு மூலையில் மேசை போட்டுக் கம்பெனி வேலை பார்க்கும் பிள்ளைகள் இன்று பலர். 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பலருக்கு வந்த பழக்கம் இது. சிலருக்கு அதுவே நிலைத்துவிட்டது. மடிக்கணினியின் சின்னத் திரையை நாள் முழுவதும் குனிந்து பார்த்தால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? அகலமான திரை ஒன்று வேண்டுமென்று பிள்ளைகள் கேட்பது நியாயம்தான்.

ஆனால், பெற்றோர்களே, காசு நம்முடையது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அதில் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடச் செலவு போக மிஞ்சுவதில்தான் இதை வாங்க வேண்டும். கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அங்குலக் கணக்கு

கடைக்காரர் சொல்லும் 27, 32, 34 அங்குலம் என்பது திரையின் அகலம் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்த நீளம். 27 அங்குலச் சாதாரணத் திரையின் அகலம் சுமார் 23½ அங்குலம், உயரம் 13 அங்குலம். 34 அங்குல அகலத் திரைக்கு அகலம் 31 அங்குலம். உயரமோ அதே 13 அங்குலம்தான்! 32 அங்குலச் சாதாரணத் திரை 28 அங்குல அகலமும் 15½ அங்குல உயரமும் கொண்டது. பெருக்கிப் பாருங்கள். 34-ஐ விட 32-இல்தான் இடம் அதிகம். எண் பெரிதென்று மயங்கக் கூடாது.

என்ன வேலை?

முதலில் பிள்ளையிடம் இதைக் கேளுங்கள். கணக்கு எழுதுபவருக்கும், இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவருக்கும் அகலத் திரை நன்றாக உதவும். கடிதமும் அறிக்கையும் எழுதுபவருக்கு அகலத்தைவிட உயரமே முக்கியம்.

மேசையை அளந்து பாருங்கள்

34 அங்குலத் திரைக்கு மேசையில் 80 சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். உட்காருபவருக்கும் திரைக்கும் இடையே ஒரு கை நீளம் இருக்க வேண்டும். எனவே மேசை இரண்டடிக்குக் குறையாத ஆழம் கொண்டதாக இருப்பது நல்லது. தையல் நாடாவை எடுத்து அளவு பாருங்கள். பழைய நாளிதழை அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தால், வாங்குமுன்பே பொருத்தம் தெரிந்துவிடும்.

எழுத்துத் தெளிவு

திரை என்பது நுண்ணிய புள்ளிகளால் ஆனது. 24 அங்குலத்திற்கு 1920 × 1080 புள்ளிகள் போதும். 27 அங்குலத்திற்கு 2560 × 1440, 34 அங்குலத்திற்கு 3440 × 1440 இருந்தால் எழுத்து தெளிவாக இருக்கும். விலை மலிவென்று 2560 × 1080 உள்ள 34 அங்குலத் திரையை எடுத்தால், எழுத்து கரடுமுரடாகத் தெரியும். நாள் முழுவதும் எழுத்தைப் பார்க்கும் கண்ணுக்கு அது நல்லதல்ல.

மாட்டிப் பார்த்து வாங்குங்கள்

மடிக்கணினியைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், யூஎஸ்பி-சி என்று இணைப்புகள் பல விதம். பழைய கணினிகளில் சில, அகலத் திரைக்கு முழு அளவில் படம் அனுப்பமாட்டா. திரையின் கால் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடியதா என்றும் பாருங்கள். ரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். பொருளில் குறையிருந்து கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி முறையிடலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.

வீட்டில் வைக்கும்போது

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. 20 நிமிடத்திற்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். இடி இடிக்கத் தொடங்குமுன்பே மின்செருகியைக் கழற்றிவிட மறக்க வேண்டாம்.

கையில் பணம் குறைவாக இருந்தால் கடன் வாங்கி அகலத் திரை வாங்காதீர்கள். உயரத்தை மாற்றக்கூடிய 24 அங்குலத் திரை ஒன்றே பல வேலைகளுக்குப் போதும். அதற்கும் இப்போது வழியில்லையென்றால், மடிக்கணினியைச் சில புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, தனியாக ஒரு விசைப்பலகை மட்டும் வாங்கிக் கொடுங்கள். குனிந்த கழுத்து அன்றைக்கே நிமிரும். அகலத் திரையை அடுத்த போனசில் பார்த்துக்கொள்ளலாம்.