பூட்டும் வேலியும்

ஒரே பேரேட்டில் ஒரே வேளையில் இருவர் எழுதலாகாது என்பது வணிகர் பண்டுதொட்டுக் கைக்கொண்டுவரும் நெறி. கணினி உலகிலும் இந்நெறி உண்டு. ஆனால் அங்கே அதைக் காப்பது எளிதன்று. அதன் காரணத்தை இங்கு ஆராய்வோம்.

இக்காலத்தில் ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகள் தனித்தனியே இருப்பனபோல் இயக்கப்படுகின்றன. இவற்றை மெய்நிகர் கணினிகள் என்பர். இவற்றின் வட்டு, இவை இயங்கும் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டுவதில்லை. வலைவழி இணைந்த பல சேமிப்புக் கணினிகளில் துண்டு துண்டாகப் பரவியிருக்கலாம். இத்தகைய அமைப்புகளுள் ஒன்று 'செஃப்'. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் நிகழ்த்திய ஆராய்ச்சியில் பிறந்தது இது. இதைப் பற்றிய ஆய்வுரை 2006இல் வெளிவந்தது. இவ்வமைப்பு ஒரு வட்டை வழக்கமாக 4 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 3 படிகளை வெவ்வேறிடங்களில் வைத்துக் காக்கிறது. ஆதலின் ஒரு பெட்டி பழுதுற்றாலும், அதே வட்டைக் கொண்டு மெய்நிகர் கணினியை வேறொரு பெட்டியில் எழுப்பிவிடலாம்.

இடர் தோன்றுவதும் இங்கேதான். பழைய பெட்டி மெய்யாகவே நின்றுவிட்டதா, அன்றி வலைத்தொடர்பு மட்டும் அறுந்ததா? தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையைக் கருதுக. தீபாவளி நெருக்கத்தில் வெளியே சென்ற கணக்கப்பிள்ளை நெடுநேரமாகியும் திரும்பவில்லை. முதலாளி வேறொருவரை அமர்த்துகிறார். அவரும் சில பக்கங்கள் எழுதிவிடுகிறார். பிறகு முன்னவர் வந்து, தாம் விட்ட இருப்புத்தொகையை நினைவிற்கொண்டு, விட்ட வரியிலிருந்தே எழுதத் தொடங்கினால் பேரேடு என்னாகும்? இருவரும் நேர்மையாளரே, ஆயினும் கணக்கு பாழ். வட்டுக்கும் இதுவே நேரும்.

இதைத் தடுக்கச் செஃப் அமைப்பில் 2015இல் தனியுரிமைப் பூட்டு என்னும் முறை சேர்க்கப்பட்டது. வட்டின் தலைப்புத் துண்டில், பூட்டு யாரிடம் உள்ளது என்பது குறிக்கப்படும். வேறொரு கணினி எழுத விரும்பினால், பூட்டை வைத்திருப்பதனிடம் கேட்கும். அது உயிருடனிருந்தால், செய்துகொண்டிருக்கும் பணியை முடித்துப் பூட்டை விட்டுக்கொடுக்கும். வழக்கமான ஏற்பாட்டில் 30 விநாடி அளவு அதனிடமிருந்து ஓசையே இல்லையெனில், அது மறைந்ததாகக் கொள்ளப்படும்.

உடனே பூட்டை உடைத்துவிடலாமா? கூடாது. மறைந்ததாகக் கருதப்பட்டது மீண்டும் விழிக்கலாம்; அது முன்னரே அனுப்பிய எழுத்துகள் வழியில் தேங்கி நின்று, பின்னர் வந்து சேரலாம். ஆதலின் முதலில் பழைய கணினியின் முகவரி விலக்குப் பட்டியலில் ஏற்றப்படுகிறது. அதன் பின்னரே பூட்டு உடைபடும். இறுதியில் புதியது பூட்டைப் பெறும். இம்முறைவைப்பு மாறின் காவல் வீணாகும். புதிய பட்டியலைக் கண்ட பின்னரே சேமிப்புக் கணினிகள் புதியதன் எழுத்தை ஏற்கும். பழையதன் வேண்டுகோளை மறுத்துவிடும். இச்செயலையே வேலியிடல் என்பர்.

இப்பெயர் பொருத்தமானதே. வேலியைப் பயிரைச் சுற்றி அமைப்பாரேயன்றி மாட்டின் காலில் கட்டுவாரில்லை. பூட்டு, அதை மதிப்பவரையே கட்டுப்படுத்தும். வேலியோ சேமிப்பின் வாயிலிலேயே நிற்பதால், பழைய கணினியின் ஒப்புதலை வேண்டாது.

இவ்விலக்கு தண்டனையன்று, வழக்கமாக 1 மணி நேரத்தில் நீங்கும். விலக்கப்பட்ட கணினி புதிதாய்த் தொடங்கினால் வேறு அடையாளத்துடன் வரலாம்.

ஆயினும் பொறுப்பாளர் ஒன்றை மறத்தலாகாது. பிறரை விலக்குப் பட்டியலில் ஏற்றும் உரிமை புதிய கணினிக்கு வழங்கப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வுரிமை இல்லையெனில், பழையது மெய்யாகவே மாண்டிருந்தாலும் அதன் பூட்டு அகலாது. வட்டு நலமாயிருந்தும் எழுத இயலாது போகும். பாதுகாப்புக் கருதி உரிமைகளைச் சுருக்குவோர் இதனையும் உடன் நீக்கிவிட்டால், கடையைத் திறந்து வைத்தும் கணக்கெழுத வழியின்றி நிற்கும் நிலையே வாய்க்கும்.