அடைக்கோழி தன் குஞ்சைக் கொத்துவது ஏன்?

கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. மாதச் சம்பளம் நின்றுபோன குடியிருப்புகளில் புறக்கடைக் கோழி தரும் சிறு வருவாயும் மதிப்புடையதே. ஓரிரு கோழிகளே உள்ள வீட்டில், பொரித்த குஞ்சுகளைத் தாய்க்கோழியே கொத்திக் கொன்றுவிட்டால், 21 நாள் அடைகாப்பும் அந்நாட்களில் இடாமற்போன முட்டைகளும் நட்டமாகின்றன. இதனைக் கோழியின் தீக்குணம் என்று ஒதுக்குதல் சரியன்று. பெரும்பாலும் இது தவிர்க்கத்தக்க இழப்பேயாகும்.

கோழியை அடையில் அமரச் செய்வதில் புரோலாக்டின் என்னும் சுரப்பு நீருக்கு முக்கியப் பங்குண்டு. பொரிப்பதற்குச் சற்று முன்பே முட்டைக்குள்ளிருந்து குஞ்சு ஒலியெழுப்புகிறது. கோழியும் மெல்லக் குரல் கொடுக்கிறது. குஞ்சுகளின் குரலும், இறகுக்கடியில் அவற்றின் தொடுதலும் சேர்ந்தே முட்டை காக்கும் கோழியைக் குஞ்சு பேணும் தாயாக மாற்றுகின்றன. இம்மாற்றம் முற்றுப்பெறுமுன் நாயோ, பிற கோழிகளோ, அடிக்கடி எட்டிப் பார்க்கும் மனிதரோ இடையூறு செய்தால், அசையும் குஞ்சைக் கோழி அயற்பொருளாகக் கொண்டு கொத்தக்கூடும். முதன்முறை அடையிருக்கும் கோழியிடமும், பேன், செள்ளுத் தொல்லையால் அமைதியிழந்த கோழியிடமும் இவ்வாபத்து மிகுதி.

கர்நாடகத்தில் வேறொரு காரணமும் உண்டு. பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா இனக் கோழி அடைகாப்பதில்லை. எனவே அதன் முட்டைகளை நாட்டுக்கோழியிடம் அடைவைப்பதோ, விலைக்கு வாங்கிய குஞ்சுகளை அதனுடன் சேர்ப்பதோ தேவையாகிறது. தன்னடியில் பொரித்த குஞ்சுகளைக் கோழி பொதுவாக ஏற்கிறது. ஆனால், தன் குஞ்சுகளை அடையாளம் கண்டுகொண்ட பின்னர்ப் பகலில் கொண்டுவிடப்படும் வேற்றுநிறக் குஞ்சுகளை அது விரட்டுகிறது.

தடுப்பு முறைகள் செலவற்றவை. முட்டைகள் அனைத்தையும் ஒரே நாளில் அடைவைத்தல் வேண்டும். இல்லையேல் முந்திப் பொரித்த குஞ்சுகளுடன் கோழி எழுந்துவிடும். அடைக்கூடை இருண்ட, தனித்த மூலையில் இருத்தல் நன்று. தீனியும் நீரும் கைக்கெட்டும் தொலைவில் அமைய வேண்டும். பிறவிடத்துக் குஞ்சுகளைப் பொரித்த ஓரிரு நாட்களுக்குள், இரவில், கோழியின் இறகுக்கடியில் ஓசையின்றி விடுதல் வேண்டும். விடியலில் கவனித்தல் இன்றியமையாதது. மீண்டும் கொத்தினால் குஞ்சுகளைப் பிரித்து, முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் மின்விளக்கின் கீழ் வளர்க்கலாம். காயமுற்ற குஞ்சை உடனே அகற்றுதல் நலம். குருதியைக் கண்டால் பிற கோழிகளும் கொத்தத் தலைப்படும்.

இத்துணைக் கவனம் ஓர் ஈட்டுக் குஞ்சுகளைக் காக்கும்; அக்குடும்பத்தின் அடுத்த சில மாத வருவாயையும் காக்கும்.