பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?
வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்

வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்குப் பெட்டி கட்டுவது புதிதல்ல. டெல்லிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும், கல்கத்தாவுக்குக் கோரமண்டலிலும், பம்பாய்க்கு தாதர் எக்ஸ்பிரஸிலும் அரிசி மூட்டை, புளி, ஊறுகாய் ஜாடி, இட்லித் தட்டு சகிதமாக வந்து இறங்கியவர்கள்தாம் நாம், அல்லது நம் பெற்றோர்கள். ரயிலில் சீட்டுக்கு அடியில் இடம் இருந்தால் போதும். எடை போட்டுப் பார்ப்பவர் அபூர்வம். கறிவேப்பிலைக் கொத்தைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்று கேட்டவர் யாருமில்லை.

அந்தப் பழக்கத்தோடேயே இன்று பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் படிக்க அனுப்பும்போதும் பெட்டி கட்டுகிறோம். "இதையும் வெச்சுக்கோடா, ஒரு பாக்கெட்தானே" என்று அம்மா ஒரு பக்கம், "ஏர்போர்ட்ல எடுக்கச் சொல்லுவாம்மா" என்று பிள்ளை ஒரு பக்கம். கடைசியில் எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பதே தெரியாமல் கிளம்புகிறார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்கப் போகிற பிள்ளை, ஒரு காகிதம் இல்லாமலோ ஒரு பாக்கெட் கசகசாவாலோ திண்டாடக் கூடாது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

மூன்று கேள்விகள்

அமெரிக்கா செல்லும் பல விமானங்களில் தலா 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் அனுமதி. மற்ற நாடுகளுக்கு இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாணவர் டிக்கெட் என்று கேட்டு வாங்கினால் சில கம்பெனிகள் கூடுதல் எடை தருகின்றன. எதுவானாலும் டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதுதான் கணக்கு. பெரிய பெட்டி காலியாக இருக்கும்போதே நான்கைந்து கிலோ இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். ஆகவே 23 கிலோவில் நமக்கு மிஞ்சுவது பதினெட்டுதான்.

இந்தப் பதினெட்டுக் கிலோவுக்குள் நுழைய வரும் ஒவ்வொரு சாமானையும் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இது அங்கே கிடைக்காதா? இரண்டு, இதைக் கொண்டுபோக அனுமதி உண்டா? மூன்று, போய் இறங்கிய முதல் பத்து நாளில் இது வேண்டுமா? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லாத சாமான் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் காகிதம், அதற்கும் முதலில் பெயர்

காகிதங்கள் எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். காரணம் எளிது. இமிக்ரேஷன் அதிகாரி முன்னால் பிள்ளை நிற்கும்போது பெரிய பெட்டி இன்னும் அவன் கைக்கு வந்திருக்காது. அமெரிக்காவானால் கையெழுத்திட்ட ஐ-20 படிவமும் செவிஸ் கட்டண ரசீதும் பாஸ்போர்ட்டோடு கையில் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பழைய அட்டை முறை 2024 இறுதியோடு முடிந்துவிட்டது. விசா இப்போது கணினிக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைத் திறந்து, பாஸ்போர்ட் எண் சரியாக இணைந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். ஜெர்மனிக்கு மதிப்பெண் பட்டியல்களின் அசலும், 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களிடம் கேட்கப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும், வங்கியில் முடக்கி வைத்த பணத்துக்கான அத்தாட்சியும் அவசியம். எல்லாவற்றுக்கும் நகல் இரண்டு எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். செலவுக்கு வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை எடுத்துச் செல்ல ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அவ்வளவும் நோட்டாகத் தேவையில்லை. சில நூறு டாலர் நோட்டும், மீதி ஃபாரெக்ஸ் கார்டிலும் இருந்தால் போதும்.

இனி, நமக்கென்றே உள்ள தலைவலி: இனிஷியல். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நமக்கு இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். வெளிமாநிலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது குமாஸ்தா "சர்நேம் என்ன?" என்று கேட்க, ஒரு சான்றிதழில் அப்பா பெயர் முழுதாக, இன்னொன்றில் வெறும் எழுத்து, மூன்றாவதில் ஊர்ப் பெயர் என்று ஏறிவிடுகிறது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்து, முதற்பெயருக்கு எஃப்.என்.யு. என்று போடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தம்! அப்புறம் வங்கியிலும் டிரைவிங் லைசென்ஸிலும் அதே பெயரோடு பிள்ளை மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே இனிஷியலை விரித்து, பாஸ்போர்ட்டில் இரண்டு பகுதியிலும் பெயர் இருக்கும்படி செய்துவிடுங்கள். பழைய சான்றிதழ்களில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

மருந்தும் மூக்குக் கண்ணாடியும்

வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். டாக்டர் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது, மருந்தின் பொதுப் பெயரும் இருக்க வேண்டும். நம்மூர் பாரசிட்டமாலுக்கே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்றுதான் பெயர். மாத்திரைகளை ஸ்ட்ரிப்பிலிருந்து உதிர்த்து டப்பாவில் போடாதீர்கள். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் எம்.எம்.ஆர். ஊசி இரண்டு தவணை போட்டதற்கு அத்தாட்சி கேட்கின்றன. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி அது. நம் அரசுத் திட்டத்தில் தருவதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து சேர்வதில்லை. ஆகவே அரசு மையத்தில் மட்டும் ஊசி போட்ட பிள்ளைகளுக்கு இது விட்டுப்போயிருக்கலாம். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

கண்ணாடி போடும் பிள்ளைக்கு இரண்டு ஜோடி உபரி. சொத்தைப் பல் இருந்தால் இங்கேயே அடைத்துவிட்டுப் போகட்டும். அங்கே மாணவர் இன்ஷூரன்ஸில் பல்லும் கண்ணாடியும் பெரும்பாலும் சேராது.

கறிவேப்பிலை ஏன் கூடாது?

"வெறும் இலைதானே, இதுல என்ன இருக்கு?" என்று நாம் நினைக்கிறோம். கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பம். கறிவேப்பிலையில் வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி ஆரஞ்சு மரங்களைக் காய்க்கவிடாமல் செய்யும் நோயைப் பரப்பக் கூடியது. 2005-இல் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நோய் அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களைச் சீரழித்துவிட்டது. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா உள்ளே விடாததற்கு இதுதான் காரணம்.

நெய், பால்கோவா, பேடா விஷயமும் இப்படித்தான். பிரிட்டனும் ஐரோப்பிய யூனியன் நாடுகளும் நம் நாட்டிலிருந்து வரும் பயணிகள் பால், இறைச்சிப் பண்டங்களைக் கொண்டுவர அனுமதிப்பதில்லை. பயம் கோமாரி நோய். 2001-இல் பிரிட்டனில் அந்த நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று புதைக்கவும் எரிக்கவும் நேர்ந்தது. அதை அனுபவித்தவர்களுக்கு நம் நெய் டப்பா விளையாட்டாகத் தெரியாது.

கசகசாவை மறந்தும் வைக்காதீர்கள். அபின் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அதற்குத் தடை. குருமாப் பொடி, மசாலா என்று வீட்டில் அரைத்ததில் கசகசா சேர்ந்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

சாமி படத்தோடு ஒரு பாக்கெட் கற்பூரமும் தீப்பெட்டியும் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள். விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அதற்கு இடமில்லை. கொப்பரைத் தேங்காயும் தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது என்று அபாயப் பொருள் பட்டியலில் இருக்கிறது. படம் போகட்டும், கற்பூரம் இங்கேயே இருக்கட்டும்.

ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். தின்பண்டம், விதை, மரச் சாமான் எது இருந்தாலும் வருகைப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதிக் காட்டினால் மிஞ்சிப் போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகவும் கூடும். "கேட்டா சொல்லிக்கலாம்" என்ற நம்மூர் யோசனை அங்கே செல்லாது.

அப்படியானால் எதைத்தான் கொண்டுபோவது? கடையில் வாங்கிய, சீல் வைத்த, ஆங்கிலத்தில் லேபிள் ஒட்டிய சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, மிளகாய்ப் பொடி, பெருங்காயம், புளிக்காய்ச்சல். எல்லாம் சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம். அரிசி, பருப்பு, உளுந்து அங்கே கிடைக்கும். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், டொரன்டோ பக்கம் ஸ்கார்பரோ, பாரிஸில் லா ஷப்பல் ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர்கள் நடத்தும் கடைகளில் முருங்கைக்காயிலிருந்து இடியாப்ப மாவு வரை இருக்கிறது.

மிக்ஸியும் குக்கரும்

நம் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட்தான். இங்கே வாங்கிய மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் அங்கே ஒழுங்காக ஓடாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்றால் அதன் எடையே ஒரு மூட்டை. மிக்ஸி கட்டாயம் வேண்டுமென்றால் 110 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியாவில் வோல்டேஜ் தொல்லை இல்லை, பிளக்கின் வடிவம்தான் வேறு. அடாப்டர் இரண்டு போதும். லேப்டாப், செல்போன் சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருக்கும். அவை எங்கும் வேலை செய்யும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போக வேண்டும், பெரிய பெட்டியில் கூடாது.

குக்கர் கொண்டுபோகலாம். மூன்று லிட்டர் போதும். அடிப்பாகம் தட்டையாகவும் இண்டக்ஷன் அடுப்புக்கு ஏற்றதாகவும் இருக்கட்டும். வெறும் அலுமினிய குக்கர் இண்டக்ஷனில் சூடாகாது. அதைவிட முக்கியம், அதே குக்கருக்கான உபரி கேஸ்கெட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும். பத்து கிராம் ரப்பர் வளையம் இல்லாமல் குக்கர் மூலையில் கிடக்கும். குக்கருக்குள் பொடி பாக்கெட்டுகளை அடுக்கினால் இடமும் மிச்சம்.

குளிருக்கு எவ்வளவு துணி?

டெல்லி, லக்னோ குளிருக்குப் பழகிய குடும்பங்கள் தடித்த ஸ்வெட்டர்களை அடுக்குவார்கள். இங்கே வீட்டுக்குள்ளும் குளிர், அதனால் நாளெல்லாம் ஸ்வெட்டர். அங்கே வீடு, வகுப்பு, பஸ் எல்லாவற்றிலும் ஹீட்டர் இருக்கும். உள்ளே மெல்லிய சட்டை போதும், வெளியே காற்றும் ஈரமும் புகாத கோட்டு வேண்டும். அந்தக் கோட்டை அங்கே போய், அங்கத்திய குளிருக்குத் தக்கபடி வாங்குவதே புத்திசாலித்தனம். உள்ளாடை, தெர்மல் இரண்டு செட், ஒரு ஸ்வெட்டர், ஒரு நல்ல உடை, ஒரு வேட்டி அல்லது புடவை போதும். ஒரு போர்வையும் படுக்கை விரிப்பும் மறக்க வேண்டாம். ராத்திரி போய் இறங்கினால் அறையில் வெறும் மெத்தைதான் இருக்கலாம், அதுவும் இல்லாமலும் போகலாம்.

எடையில்லாத சாமான்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தராசில் ஏறும் சாமான். ஏறாத சாமான்கள் சில உண்டு. விசா வந்ததிலிருந்து விமானம் ஏறும் வரை கிடைக்கிற வாரங்களில், பையனோ பெண்ணோ, அவர்களைச் சமையலறைக்குள் விடுங்கள். சாதம் வடிக்க, ஒரு ரசம் வைக்க, ஒரு பொரியல் செய்யத் தெரிந்துவிட்டால் ஐந்து கிலோ பொடியும் ஊறுகாயும் மிச்சம். துணி துவைக்க, பட்டன் தைக்க, செலவு எழுத, பேங்க் படிவம் நிரப்பத் தெரியட்டும்.

இன்னொன்று. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. பாட்டி கைப்பட எழுதிய சமையல் குறிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பினால், அதையே நாம் போனில் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. கிளம்பும் முன் ஒரு மாதம், தினம் அரை மணி உட்கார்ந்தால் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிடும். அதற்கு எந்த விமானக் கம்பெனியும் கூடுதல் கட்டணம் கேட்பதில்லை.

பெட்டியை மூடும் முன் கடைசியாக ஒரு வேலை. வீட்டுத் தராசில் எடை போடுங்கள். 22 கிலோவில் நிறுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பிள்ளை தன் கையாலேயே ஒரு பட்டியல் எழுதட்டும். தானே அடுக்கிய பெட்டியைப் பற்றி அதிகாரி கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம். அம்மா அடுக்கிய பெட்டிக்கு அம்மாவைத்தான் கேட்க வேண்டும், அம்மா கூட வரமாட்டாள்.

பிள்ளைகள் நலமாகப் போய், நன்றாகப் படித்து வரட்டும்.